ஓவசியர் பறந்த படம்

புதிதாகக் கமரா தூக்கியிருக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னைக் கண்டதும் கேட்கும் முதற் கேள்வி ஒன்றுதான். "அண்ணை, ஒரே படத்தை என்னத்துக்கு ரெண்டு தரம் எடுத்தனீங்கள்?" கேட்கும்போது உங்கள் முகத்தில் ஒரு இரக்கம் தெரியும். முதற்படம் பிழைத்துவிடும் என்ற பயத்தில் இன்னொன்றையும் எடுத்து வைத்தேன் என்று நினைக்கிறீர்கள். ஒரு கலியாண வீட்டில் சுருள் சுருளாகப் பிலிமைச் சுட்டுத் தள்ளிவிட்டு, அல்பத்துக்குத் தேறுமா என்று நகம் கடித்துக்கொண்டு நிற்கும் உங்களைப் பார்க்கும்போது, இரக்கப்பட வேண்டியவர் யார் என்று எனக்கும் சந்தேகம் வருவதுண்டு.

விஷயம் இதுதான். வலது கண்ணை மூடிக்கொண்டு முன்னால் நிற்கும் தூணைப் பாருங்கள். பிறகு இடது கண்ணை மூடிப் பாருங்கள். தூண் கொஞ்சம் இடம் மாறும். இரண்டு கண்ணும் இரண்டு படம் பிடிக்கின்றன. மூளை இரண்டையும் சேர்த்துக் கிட்டம், தூரம் என்று கணக்குச் சொல்கிறது. என்னிடம் இருந்தது ஒற்றை லென்சுக் கமரா. அதை ஒரு பலகைச் சட்டத்தில் பூட்டி, இடது கண் பார்ப்பதை முதலில் எடுப்பேன். பிறகு பிலிமைச் சுற்றி, கமராவை வலப்பக்கம், கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையிலுள்ள அளவு தள்ளி, வலது கண் பார்ப்பதை எடுப்பேன். இரண்டையும் ஒரே மட்டையில் பக்கம் பக்கமாக ஒட்டி, இரண்டு வில்லைக் கண்ணாடி பூட்டிய பெட்டிக்குள் வைத்துப் பார்த்தால், தட்டையான படம் எழும்பி நிற்கும். தேர் உங்கள் மூக்குக்கு முன்னால் வரும். வீதி பின்னால் ஓடும்.

ஐம்பத்தாறில் தொடங்கி எண்பதுகள் பிறக்கும் வரைக்கும் அந்தப் பெட்டியோடு தீவுகளைச் சுற்றினேன். நயினாதீவுத் திருவிழா, ஊர்காவற்துறையில் மாதா கோயிற் பெருநாள், வேலணையில் கலியாணம், சுருவிலில் பெட்டை பெரியபிள்ளையான சாமத்திய வீடு. எங்கே போனாலும் ஒரு விதியைத்தான் சொன்னேன்: முதற் படத்துக்கும் இரண்டாவது படத்துக்கும் இடையில் அசையாதீர்கள். எங்கள் சனம் அதை ஒருநாளும் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு படம் எடுக்கிற மனிதன் முன்னால் இரண்டு தரமும் ஒரே மாதிரி நிற்பது வீண்செலவு என்பது அவர்களுடைய எண்ணம். மண்டைதீவில் ஒரு மாப்பிள்ளை முதற் படத்துக்குச் சால்வையோடும் இரண்டாவதுக்குச் சால்வை இல்லாமலும் நின்றார். பெட்டிக்குள் பார்த்தால் மாப்பிள்ளை ஒழுங்காக நிற்கிறார். தோளில் சால்வை மட்டும் பேய் மாதிரித் தோன்றுவதும் மறைவதுமாகத் துடிக்கிறது. பெண் வீட்டார் அதைப் பார்த்துவிட்டு நல்ல சகுனம் என்றார்கள். திரும்ப எடுத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார்கள்.

கொஞ்சமாக அசைகிறவரின் நிலை இன்னும் மோசம். கமராவிலிருந்து பார்க்க இடப்பக்கமாக இரண்டு மூன்று விரல் அகலம் சாய்ந்தால் போதும். பெட்டிக்குள் அவர் தான் நின்ற இடத்தை விட்டுக் கிளம்பி, பாதி வழி முன்னால் வந்து, பொம்மை அளவாகச் சுருங்கி, அந்தரத்தில் தொங்குவார். இது பெரிய மனிதர்களுக்கே கூடுதலாக நடந்தது. சாதாரண சனம் கமராவைக் கண்டால் பயத்தில் மூச்சும் விடாது. இரண்டாவது படத்துக்கு முன்னால் தங்களைச் செம்மைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பெரியவர்களுக்குத்தான் வரும்.

அப்படி ஒரு பெரியவர் தொங்கிய கதையைச் சொல்கிறேன். பழுதான படத்தை என்ன செய்வது என்று உங்களில் ஒருவர் போன கிழமை கேட்டார். கிழித்து எறிய முன்னம் இதைக் கேளுங்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் தீவுப்பகுதிக்கு ஒரு காரியாதிகாரி இருந்தார். ஊர்காவற்துறையில் கந்தோர். நல்ல படிப்பு, நல்ல இங்கிலீசு. கடல் மட்டும் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. தீவுகளை ஆளுகிற மனிதருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் இருப்பது, பல்லுக் கழற்றுகிற வைத்தியருக்கு வாயைக் கண்டால் பயம் என்பது போல. சோளகக் காற்றுக் காலத்தில் ஆள் ஏற்றுகிற நெடுந்தீவு லோஞ்சு கடலில் எப்படி ஆடும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நெடுந்தீவிலிருந்து வருகிற முறைப்பாடுகள், பெட்டிசங்கள் எல்லாம் அவருடைய மேசையில் காற்று மாறும் வரைக்கும் படுத்திருக்கும். காற்று மாறினால் வேறு காரணம் வரும்.

மாதா கோயிற் பெருநாளில் அவர் என் பெட்டிக்குள் நெடுந்தீவுக் குதிரைகளின் படத்தைப் பார்த்தார். கண்ணை எடுக்க மனமில்லை.

"இஞ்சை நிண்டுகொண்டே அங்கை போய் நிக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார்.

அரசாங்க உத்தியோகத்தர் ஒருவருக்குப் புதிய யோசனை உதிக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்கக்கூடாது. நான் நின்றேன். அடுத்த கிழமை கந்தோருக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

நெடுந்தீவில் பூரணம் என்றொரு பெண் இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக்கடை வைத்திருந்தார். புருசன் கடலோடு போய்ச் சேர்ந்துவிட்டார், கடைதான் சீவியம். அந்தத் தீவில் கிணறுகளுக்குக் குறைவில்லை, நல்ல தண்ணிக்குத்தான் குறைவு. பூரணத்தின் வளவுக்குப் பக்கத்துக் கிணற்றில் உவர்த் தண்ணி. அதில் தேத்தண்ணி போட்டால் பால் திரையும். நல்ல தண்ணிக் கிணற்றுக்கு நடைபாதையாக ஒரு ஒழுங்கை போகிறது. அந்த ஒழுங்கையின் ஒரு பக்கம் ஓவசியர் வளவு.

ஓவசியர் என்றால் ரோட்டு வேலை பார்த்துப் பென்சன் எடுத்தவர். சம்பளம் வாங்கின காலமெல்லாம் ரோட்டை அகலமாக்கியவர், பென்சன் வந்தபின் ஒழுங்கையை ஒடுக்கிப் பொழுதுபோக்கினார். நெடுந்தீவில் கிடுகுவேலி இல்லை. கடலில் எடுத்த முருகைக் கல்லை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கல்வேலி. சாந்து கிடையாது. சாந்து இல்லாத வேலிக்கு ஒரு வசதி உண்டு. பின்னேரம் உலாவப் போகும்போது நாலு கல்லைத் தூக்கி அங்கால் வைத்துவிட்டு வரலாம். அப்படி வைத்து வைத்து, கையை வீசிக்கொண்டு ஒரு ஆள் போகலாம், இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் போக முடியாது என்ற அளவுக்கு ஒழுங்கை வந்துவிட்டது. கடற்கரையால் சுற்றிப் போனால் ஒரு குடம் கொண்டுவருவதற்குள் லோஞ்சு வந்து போய்விடும். பால் திரைந்த தேத்தண்ணியைக் குடிக்க யாருக்கு விருப்பம்? லோஞ்சுக்கு நிற்கிற சனம் மற்றக் கடைக்குப் போகத் தொடங்கியது. பூரணம் பெட்டிசம் எழுதுவித்து அனுப்பினார். ஒன்றுக்குப் பின் ஒன்றாக அனுப்பிக்கொண்டிருந்தார்.

"நீர் போய் அந்த ஒழுங்கையைப் பெட்டிக்குள்ள பிடிச்சுக்கொண்டு வாரும்," என்றார் காரியாதிகாரி. "நான் இஞ்சை இருந்து பாத்து முடிவு சொல்லுறன்."

போனேன். ஒழுங்கை வாசலில் ஓவசியர் கோட்டுப் போட்டு, சால்வையை மடித்துத் தோளில் இட்டு நின்றார். பூரணம் வெறுங்குடத்தோடு ஒரு பக்கத்தில் நின்றார்.

"வாரும் காணும். கமரா வைக்கிற இடத்துக்கு நான் ஒரு கல்லு அடையாளம் வைச்சிட்டன்," என்றார் ஓவசியர்.

"கவனமாய் நில்லுங்கோ அண்ணை," என்றார் பூரணம் என்னிடம். "அவர் வைக்கிற கல்லெல்லாம் கொஞ்ச நாளில அங்கால நகரும்."

"உனக்கு வாய் கூடிப்போச்சு, பூரணம்."

"ஒழுங்கை ஒடுங்க ஒடுங்க வாய் அகலுது, ஓவசியர் அண்ணை. எங்கையாவது அகல வேணுமே."

ஓவசியர் அடையாளம் வைத்த இடம், ஒழுங்கை அகலமாகத் தொடங்குகிற வாசல். அங்கேதான் கமராவை வைத்தேன். உள்ளே ஒடுக்கத்துக்குள் போனால் லென்சுக்குக் கல் மட்டும்தான் தெரியும். ஆனால் ஒடுக்கம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமே என்று, பூரணத்தைக் குடத்தில் தண்ணி நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய் நிற்கச் சொன்னேன். அவர் பக்கவாட்டில் நுழைந்து, முழங்கை கல்லில் உரஞ்ச, ஒருமாதிரிப் போய் நின்றார்.

ஓவசியருக்கு அது பிடிக்கவில்லை.

"உவ என்னத்துக்குப் படத்துக்கை? ஒழுங்கையைத்தானே கேட்டவர்?"

"ஆள் நிண்டால்தான் ஐயா அளவு தெரியும்."

"அப்ப நானும் நிக்கிறன். ஒரு பக்கத்து ஆளை மட்டும் பிடிச்சால் அது பக்கச்சார்பு."

வலப்பக்கத்து வேலியோடு போய் நின்று, மேற்கல்லில் கையை ஊன்றினார். வளர்த்த மாட்டின் முதுகில் கை வைக்கிற மாதிரி இருந்தது.

"ஐயா, நான் சொல்லுமட்டும் அசையாதேங்கோ. ரெண்டு படம் எடுக்க வேணும்."

"எத்தினை குறூப் போட்டோவுக்கு நடுக் கதிரையில இருந்தவன் நான். எனக்குச் சொல்லித் தாறீரோ?"

முதற் படத்தை எடுத்தேன். பலகையில் குனிந்து கமராவைத் தள்ளினேன். நிமிர்ந்து இரண்டாவதை எடுத்தேன். ஓவசியர் முன்பு நின்ற மாதிரியே நின்றதாகத்தான் எனக்குப் பட்டது. பூரணமும் நின்றார், தளும்பாமல் நடந்து பழகியவருக்குத் தளும்பாமல் நிற்பது பெரிய காரியமல்ல.

வேலணைக்கு வந்து, கழுவி, ஒட்டி, பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். ஒழுங்கை அருமையாக எழும்பி நின்றது. பூரணம் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். ஓவசியர் மட்டும் தன் வேலியை விட்டுக் கிளம்பி, ஒழுங்கையின் நடுவில், கால் நிலத்தில் படாமல், முழ உயரப் பொம்மையாகத் தொங்கிக்கொண்டிருந்தார். கோட்டும் சால்வையும் மிகத் தெளிவு. கையை ஊன்றியிருந்த கல்லும் அவரோடு கூடவே கிளம்பி அந்தரத்தில் நின்றது.

நடந்தது விளங்கியது. நான் குனிந்திருந்த நேரம், முகத்தின் மற்றப் பக்கமும் சரித்திரத்தில் பதியட்டும் என்று மனிதர் மெல்லச் சாய்ந்திருக்கிறார். கையோடு கல்லும் வழுக்கியிருக்கிறது. பழைய கல்வேலியில் பிள்ளைகள் ஏறி நடப்பார்கள், ஆடு பாயும், ஒரு கல் அசையாது. கை வைத்ததும் வழுக்கும் கல், நேற்று முந்தநாள் வந்து குந்திய கல்.

ஆனால் படம் பழுது. பழுதான படம் ஒன்றை விரும்பி நான் யாருக்கும் கொடுத்ததில்லை. மாப்பிள்ளையின் சால்வையைக்கூட, திரும்ப எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தவன் நான். என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கையில், ஓவசியரே ஒரு ஓலைப்பெட்டி பனம்பழப் பனாட்டோடு வேலணைக்கு வந்து இறங்கினார். படம் எப்படி வந்தது என்று பார்த்துவிட்டுப் போகலாமாம்.

படம் பார்க்கிற பெட்டியைக் கொடுத்தேன். கனநேரம் பார்த்தார்.

"இது ஆர்?"

"நீங்கள்தான் ஐயா."

"நான் இவ்வளவு கட்டையே?"

"இல்லை ஐயா. நீங்கள் கொஞ்சம் சாய்ஞ்சிட்டியள். அதாலை பறக்கிறியள்."

பெட்டியைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்துப் பார்த்தார். முகம் கறுத்துப்போயிற்று. பிறகு மட்டையை வெளியே எடுத்து, விரலால் ஒரு பாதியை மூடிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"உதில ஒண்டை மட்டும் ஒட்டிக் குடும். ரெண்டும் ஒண்டுதானே."

நானும் அந்தப் பாதியை மட்டும் பார்த்தேன். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. பாதிப் படத்தில் ஓவசியர் தரைக்கு இறங்கி மரியாதையாக நின்றார். கல் வேலியில் இருந்தது. ஒழுங்கை ஒரு வண்டி போகலாம் போல வாயைத் திறந்து கிடந்தது. பூரணமோ, இரண்டு வேலிக்கும் இடையில் நெரிபட்டு நிற்பவராகத் தெரியவில்லை. கொஞ்சம் தூரத்தில் ஆறுதலாக நின்று கதை கேட்பவராகத் தெரிந்தார். சுத்தமான படம். ஒரு பழுதில்லை.

"அவர் கேட்டது பெட்டிக்குள்ள பாக்கிற படம், ஐயா."

"அது பழுதாய்ப் போச்சுதெண்டு சொல்லும். பொய்யில்லையே? பழுதுதானே?"

"பழுதுதான்."

"பேந்தென்ன?"

நான் மட்டையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"காணும், நெடுந்தீவில கோயிலிலயும் பள்ளிக்கூடத்திலயும் என்னைக் கேளாமல் ஆரும் ஒரு பந்தல்கால் நடுகிறேல்லை. ஒரு கலியாணத்துக்கும் நீர் அங்கால வர மாட்டீர். யோசிச்சுச் செய்யும்."

யோசித்தேன். தம்பிமாரே, இந்த மாதிரி நேரத்தில் நேர்மை, நீதி என்று பெரிய சொற்கள் ஒன்றும் எனக்கு வரவில்லை. பாதியை வெட்டிக் கொடுத்தால் என் பெயர் காப்பாற்றப்படும், ஓவசியர் சந்தோசப்படுவார், காரியாதிகாரி சந்தோசப்படுவார். இத்தனை பேர் சந்தோசப்படுகிற ஒரு வேலையில் எங்கேயோ ஒரு ஆள் நசிபடத்தான் வேண்டும் என்ற சந்தேகம் மட்டும் வந்தது. அந்த ஆள் குடத்தோடு படத்துக்குள்ளேயே நின்றார். முழுப் படத்தையும் கொடுக்கிறேன் என்றேன். ஓவசியர் எழும்பி, பனாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனார். அதில் எனக்குக் கவலைதான். நெடுந்தீவுப் பனாட்டு நல்லது.

கந்தோரில் காரியாதிகாரி பெட்டியைக் கண்ணில் வைத்தார். முதலில் ஒழுங்கையைப் பார்த்தார்.

"வாசல் அகலமாய்த்தானே கிடக்கு. உள்ளுக்கை கொஞ்சம் ஒடுக்கம். ஆனால் இந்தப் பிள்ளை குடத்தோட அங்கை நிக்குது. அப்ப போகலாந்தானே?"

ஒடுக்கத்தைக் காட்டவென்று நான் கொண்டுபோய் நிறுத்திய ஆள், போகலாம் என்பதற்குச் சாட்சியாக நின்றுகொண்டிருந்தார். எடுக்கும்போது இது எனக்குத் தோன்றவில்லை.

"நிக்கலாம் ஐயா. நடக்க ஏலாது."

"நடக்க ஏலாதெண்டதைப் படத்தில காட்டும் பாப்பம்."

அவர் பேனையை எடுத்தார். எடுத்தவர், கடைசியாக ஒரு தரம் பெட்டிக்குள் பார்த்தார்.

"இது ஆர் காணும் நடுவில? சாமியே?"

"ஓவசியர், ஐயா."

"ஏன் பறக்கிறார்?"

"சாய்ஞ்சிட்டார், ஐயா. சாய்ஞ்சால் அப்பிடித்தான் வரும்."

"கையில என்ன?"

"வேலிக் கல்லு. அதுவும் அசைஞ்சிட்டுது. பழைய வேலியெண்டால் கை வைக்க அசையாது, ஐயா. புதுசாய் அடுக்கின கல்லுத்தான் —"

"நீர் படம் எடுக்க வந்தனீரோ, சாட்சி சொல்ல வந்தனீரோ?"

அவர் பெட்டியை மேசையில் வைத்தார்.

"ஓவசியரும் பறக்கிறார், கல்லும் பறக்குது. இதை நான் பைலில வைக்க ஏலுமே? நாளைக்கு மேலிடத்தில இருந்து ஆரும் கேட்டால், நெடுந்தீவில ஆக்கள் பறக்கினம் எண்டு எழுதுறதே? திரும்பப் போய் எடும். ஓவசியரை அசையாமல் நிக்கச் சொல்லும்."

அந்த இடத்தில்தான் நான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. திரும்பப் போய் எடுத்தால் என்ன வரும் என்பது எனக்கு அப்படியே தெரிந்தது. ஓவசியர் இம்முறை ஆணி அடித்தது போல நிற்பார். கல் வழுக்காமல் அண்டை கொடுத்திருப்பார். படத்தில் ஒரு பெண் குடத்தோடு ஒழுங்கையில் நிற்பார். காரியாதிகாரி பேனையைத் திரும்ப எடுப்பார்.

"ஏலாது, ஐயா."

"ஏன், கடலுக்குப் பயமோ?"

கடலைப் பற்றி அவர் என்னிடம் கேட்டதே எனக்குத் துணிவைத் தந்தது.

"கடலுக்கில்லை, ஐயா. இந்த முறை ஓவசியரும் அசையமாட்டார், கல்லும் அசையாது. படம் நல்லாய் வரும்."

"நல்லாய் வந்தால் நல்லதுதானே?"

"ஓம் ஐயா. நீங்கள் பேந்து போய்ப் பாக்கத் தேவையில்லை."

அவர் என்னைப் பார்த்தார். கெட்டிக்கார மனிதர் என்று முன்னமே சொல்லியிருக்க வேண்டும். சோம்பல்தான் அதை மூடிக்கொண்டிருந்தது. நான் சொன்னதன் மற்றப் பக்கம், நல்ல படம் இல்லையென்றால் நேரில் போய்த்தான் பார்க்க வேண்டும் என்பது, அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதால் கோபமும் வந்தது.

"உமக்குத் தொழில் தெரியாது."

"ஓம் ஐயா."

"ஆளை அசையாமல் வைச்சு ஒரு படம் எடுக்கத் தெரியாத நீர் கமரா தூக்கக் கூடாது."

"ஓம் ஐயா."

பக்கத்து மேசைக் கிளாக்கர்மார் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த பெருநாளுக்கு முன்னம் தீவுப்பகுதி முழுக்க இந்தச் செய்தி போய்விடும் என்பது எனக்குத் தெரியும். போயிற்று. அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம், எங்கே கமராவைப் பூட்டினாலும் யாராவது ஒருவர், "பாருங்கோ, பறக்க விட்டுடாதேங்கோ," என்பார்.

"நான் போற நாளில நீரும் லோஞ்சில நிக்க வேணும்," என்றார் காரியாதிகாரி. கடலாட்டத்தில் நான் சத்தி எடுத்தால் நீயும் பார்த்துக்கொண்டிரு என்பது அதன் கருத்து.

போனோம். அவர் ஒரு கையில் தேசிக்காயை மணந்துகொண்டும் மறு கையால் லோஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டும் வந்தார். நடுக்கடலில் தேசிக்காய் கடலுக்குள் போயிற்று. அதற்குப் பின்னால் அவருடைய காலைச் சாப்பாடும் போயிற்று. காற்று அடிக்காத பக்கமாக இருங்கள் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். தொழில் தெரியாதவன் சொல்லைக் கேட்கமாட்டார் என்று விட்டுவிட்டேன்.

இறங்குதுறையில் இறங்கியபோது அவருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கண்ணில் பட்ட முதல் வாங்குப் பலகையில் இருந்தார். அது பூரணத்தின் கடை வாங்கு.

"பிள்ளை, ஒரு தேத்தண்ணி தா. பால் போட்டு."

பூரணம் கொண்டுவந்து வைத்தார். மேலே பால் திட்டுத் திட்டாக மிதந்தது.

"பால் திரைஞ்சு கிடக்கு."

"ஓம் ஐயா."

"அப்ப வெறுந்தேத்தண்ணி தா."

அதுவும் வந்தது. ஒரு மிடறு குடித்தார். எழும்பித் துறை விளிம்புக்கு ஓடினார். லோஞ்சில் மிச்சம் வைத்திருந்ததையும் அங்கே விட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"என்ன தண்ணி இது?"

"பக்கத்துக் கிணத்துத் தண்ணி, ஐயா," என்றார் பூரணம். குரலில் ஒரு குறையும் இல்லை. "நல்ல தண்ணிக்குப் போற வழியைப் பாக்கத்தானே வந்தனீங்கள்."

அதற்குள் ஓவசியர் குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். அதே கோட்டு.

"ஐயா, ஒழுங்கையடியில கதிரை போட்டு, இளநியும் வெட்டி வைச்சிருக்கிறன். ஆறுதலாய் வந்து பாருங்கோ."

"வேலியைப் பழைய இடத்துக்கு எடும்," என்றார் காரியாதிகாரி.

ஓவசியர் சிரிக்கப் பார்த்தார். "ஐயா இன்னும் ஒழுங்கையைப் பாக்கேல்லையே."

"பாக்கேல்லை. குடிச்சனான்."

குடத்தோடு இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் விலத்திப் போகிற அகலம் இருக்க வேண்டும் என்று வாங்கில் இருந்தபடியே எழுதிக் கையெழுத்து வைத்தார். பிறகு அந்த வாங்கிலேயே நீட்டிப் படுத்து, லோஞ்சு திரும்பும் வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. ஒழுங்கை எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் அவர் கேட்டதாக எனக்கு நினைவில்லை. பின்னேர லோஞ்சில் அவரை ஏற்றி அனுப்பினோம். நான் அடுத்த லோஞ்சுக்கு நின்றேன். ஓவசியரின் ஆட்கள் கல்லைத் திரும்பத் தூக்கி வைப்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. ஓவசியர் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு முறைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பி வந்தபோது பூரணம் எனக்கு ஒரு தேத்தண்ணி வைத்தார். பால் கலந்து, நுரை எழும்பி, திரையாமல் இருந்தது. குடித்தேன். உவர் துளியும் இல்லை.

"இது எந்தத் தண்ணி?"

"நல்ல தண்ணி, அண்ணை. விடியவே கரையால சுத்திப் போய் ஒரு குடம் அள்ளிக்கொண்டு வந்தனான்."

"அப்ப காலமை அவர் வந்து இருக்கேக்கை இது உள்ளுக்கை இருந்ததோ?"

"இருந்தது."

"பேந்தேன் அவருக்கு மற்றதைக் குடுத்தனீங்கள்?"

பூரணம் கோப்பையை எடுத்துக் கழுவத் தொடங்கினார்.

"அவர் வழக்குப் பாக்க வந்தவர். அவருக்கு வழக்கைக் குடுத்தனான். நீங்கள் தேத்தண்ணி குடிக்க வந்தனீங்கள்."

உங்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். அசையாத ஆட்கள், தெளிந்த வெளிச்சம், பழுதில்லாத படம் என்று நீங்கள் கஷ்டப்படுவது சரி. சம்பளம் அதற்குத்தான் தருகிறார்கள். ஆனால் நல்ல படத்துக்கு ஒரு குணம் உண்டு; அதைப் பார்த்தவர் எழும்பிப் போய் நேரில் பார்க்கத் தேவையில்லை என்று நினைத்துவிடுவார். ஓவசியர் மட்டும் அன்று ஒரு மூச்சு நேரம் அடக்கமாக நின்றிருந்தால், நான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த படத்தைக் கந்தோரில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பேன். காரியாதிகாரி கதிரையில் இருந்தபடியே அதைப் பார்த்து, வடிவாய்க் கிடக்கு என்று என்னைப் பாராட்டியிருப்பார். நானும் வெட்கமில்லாமல் அந்தப் பாராட்டை இன்றைக்கு உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். பூரணம் இன்னும் பெட்டிசம் எழுதுவித்துக்கொண்டிருப்பார்.